வாசலில் நின்ற வண்டிகள்

ஏழுமடையில் முதன்முதலாக அடுத்தவர் வாசலில் போய் நின்றது மீன்காரர் சந்தியாகுவின் வண்டிதான். அதுவும் பட்டப்பகலில், சனிக்கிழமைச் சந்தை கலைகிற நேரத்தில், ஊரே பார்க்க நின்றது என்பதால் இதில் பொய் சொல்ல யாருக்கும் வழியில்லை. மனுஷன் மீனை விற்று முடித்துவிட்டு, வழக்கம்போலக் கடைக்குப் போய் ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொண்டு, காலிக் கூடையைப் பின்னால் கட்டி, கிழக்கே கடற்கரைக்குப் போகத்தான் வண்டியைக் கிளப்பினார். வண்டியோ மேற்கே திரும்பிற்று. அவர் ஹேண்டில்பாரை இந்தப் பக்கம் இழுக்க அது அந்தப் பக்கம் போக, பிரேக்கை மிதிக்க மிதிக்க அது கண்டுகொள்ளாமல், தபால்காரர் வீட்டு எண் பார்த்துப் போவதைப் போல நிதானமாக ஊர்ந்து, தண்ணித்தொட்டித் தெருவில் துப்புரவுப் பணியாளர் பேச்சித்தாயின் வாசலில் நின்று, தானாக அணைந்தது. திருகினார், உதைத்தார், அந்த வண்டியைச் செய்தவன் பரம்பரையையே திட்டினார், அசையவில்லை. போதை தெளிந்த பிறகு, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ஒரே உதையில் கிளம்பியது.

"வண்டிக்குப் பேய் பிடிச்சிட்டு" என்றார் சந்தியாகு.

"பேய் பிடிச்சது வண்டிக்கா உமக்கா?" என்று கேட்டது ஊர், கேட்டுவிட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தது.

அடுத்த சனிக்கிழமை லோடு ஆட்டோ ஒன்று அதே வாசலில் நின்றது. செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர்க்காரன் ஒருவனின் புது பைக் நின்றது. அந்த வாரக் கடைசியில் தேங்காய் யாவாரி ஒருவருடைய ஜீப் அந்தச் சின்னத் தெருவுக்குள் எப்படித்தான் நுழைந்ததோ, அதுவும் நின்றது. நான்கு பேரும் குடித்திருந்தார்கள், நான்கு பேரும் வேறு வேறு இடத்துக்குக் கிளம்பியவர்கள், நான்கு பேரும் பேச்சித்தாயிடம் அதற்கு முன் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஆனால் நம் ஊர்களைப் பற்றித் தெரியுமே, வண்டி ஏன் தானாகப் போகிறது என்று யோசிக்க ஒருத்தருக்கும் நேரமில்லை. புருஷனை இழந்த ஒரு பொம்பளை வாசலில் நான்கு ஆம்பிளைகளின் வண்டி ஏன் நிற்கிறது என்று யோசிக்க எல்லாருக்கும் நேரமிருந்தது. குழாயடியில் குடங்கள் அவளைக் கண்டால் தள்ளி வைக்கப்பட்டன. கொழுந்தன் வந்து தெருவில் நின்று கத்திவிட்டுப் போனான். பேச்சித்தாய் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே அழுதுவிட்டு, நான்காம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

அங்கே அவளை உட்காரச் சொன்னது ஏட்டு ராஜகனி.

ராஜகனியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அவள் கதை. இருபத்தோரு வருஷ சர்வீஸ். பாலத்தடியில் தடுப்பைப் போட்டு, மெஷினை நீட்டி, "ஊதுங்க" என்று அவள் சொல்லாத ஆம்பிளை ஏழுமடையில் கிடையாது. ஊதச் சொன்னால் மாமா மச்சான் என்று உறவு சொல்வான், ஆஸ்துமா என்பான், பாலில் மருந்து கலந்து குடித்தேன் என்பான். கொய்யா இலையை மென்றுகொண்டு வந்து ஆடு மாதிரி நிற்பான். போலீஸ் எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஊர் ஆம்பிளைகள் செல்போனில் 'வானிலை' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். 'பாலத்தில் மழை' என்று ஒருத்தன் போட்டால் இருபது வண்டி தோப்பு வழியாகத் திரும்பும். மாதம் நாற்பது வழக்கு எழுதினாள். அபராதம் கட்டிவிட்டு, நாற்பது பேரும் மறுபடி வந்தார்கள். போன வருஷம் மட்டும் ஏழுமடை எல்லைக்குள் பதினோரு பேர் செத்தார்கள். அதில் எட்டுப் பேரை இடித்தவர்கள் குடித்திருந்தார்கள்.

இந்தக் கணக்கு பதிவேட்டில் இருந்தது. பதிவேட்டில் இல்லாத ஒன்று உண்டு. இடித்த பிறகு, செத்தவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வது ராஜகனியின் வேலை. "பொம்பள போலீஸ் போனா பதமா சொல்லுவாங்க" என்று இன்ஸ்பெக்டர்கள் ஒவ்வொருத்தரும் அவளைத்தான் அனுப்பினார்கள். வாசலில் போய் நிற்பாள். காக்கிச் சட்டையைப் பார்த்ததுமே உள்ளே இருந்து ஒரு சத்தம் கிளம்பும் பாருங்கள், அதைக் கேட்ட காது அப்புறம் எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்காது. போன வருஷத்துப் பதினோரு வாசலும் அவளுக்கு மனப்பாடம். எந்த வாசலில் செம்பருத்தி, எந்த வாசலில் உடைந்த படி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"ஏட்டம்மா, என் வாசலுக்கு நான் யாரையும் கூப்பிடல" என்றாள் பேச்சித்தாய். "என் புள்ள மேல ஆணை."

"நான் கேக்கவே இல்லயே" என்றாள் ராஜகனி. "அந்த நாலு நாளும் அந்த நேரத்துல நீ எங்க இருந்த, அதைச் சொல்லு."

"வேலையிலதான். பாலத்து வளைவுல ரோட்டோரம் மண் அள்ளிட்டு இருந்தேன். நாலு நாளும் அங்கதான்."

"வீட்டுல இல்லியா?"

"இல்ல. வந்து பாத்தா வாசல்ல வண்டி நிக்கி."

ராஜகனி பேனாவைக் கீழே வைத்தாள். சந்தியாகு கடற்கரைக்கு, லோடு ஆட்டோ குடோனுக்கு, பைக்குக்காரன் பக்கத்து ஊருக்கு, ஜீப்காரர் தோப்புக்கு. நான்கும் நான்கு திசை; ஆனால் கடையிலிருந்து கிளம்பினால் நான்கு பேரும் பாலத்து வளைவைத் தாண்டாமல் போக முடியாது.

"அந்த வளைவுல வாரவனுக்கு நீ தெரிவியா?"

"குனிஞ்சா தெரிய மாட்டேன் ஏட்டம்மா. ரெண்டு வாட்டி முந்தானையை உரசிட்டுப் போயிருக்கானுவ. சாமி காப்பாத்துச்சு."

ராஜகனி பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். பதினொன்றில் நான்கு சாவு அந்த வளைவில்தான். எழுந்து போய்ப் பேச்சித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்குத் தோன்றியதை இன்ஸ்பெக்டரிடம் மட்டும் சொன்னாள். அவர், "ஏட்டம்மா, லீவு வேணும்னா நேரா கேளுங்க" என்றார்.

ஊருக்குப் புரிய வைத்தது ரைஸ்மில் பால்துரையின் கார். ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், மில்லில் விருந்து முடிந்து வெள்ளைக் காரில் கிளம்பினார். கார் நாடார் தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு தானாக நகர்ந்து மேலத் தெருவில் ஒரு வாசலில் நின்றது. பிறகு பள்ளிவாசல் சந்தில் திரும்பி ஒரு வாசலில் நின்று அங்கேயே அணைந்தது. மூன்று வீட்டுத் தாய்மாரும் வெளியே வந்து, காரைப் பின்தொடர்ந்து வந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மூன்று வீட்டிலும் ஆறாம் வகுப்பில் ஒரு பெண். மூன்று பெண்களும் ஒன்றாகக் கையைக் கோத்துக்கொண்டு மில் ரோட்டில் நடந்து வருகிறவர்கள், அந்த நேரத்தில், சரியாக அந்த நேரத்தில். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் அந்தப் பிள்ளைகள் மூன்றும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தபோது, பால்துரை காரிலிருந்து இறங்கி, வெள்ளை வேட்டியோடு அந்தச் சந்து மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அவரை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அந்த முஸ்லிம் வீட்டு அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறவன் அன்றைக்கு யாரை இடித்திருப்பானோ, அவர் வீட்டு வாசலில் வண்டி போய் நின்றுவிடுகிறது. யாரையும் இடிக்கப் போவதில்லை என்றால், பேசாமல் அவன் போகிற இடத்துக்குப் போகிறது. இவ்வளவுதான் விஷயம்.

ஏன், எப்படி என்று கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. மெக்கானிக்குகள் நாலைந்து வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டும்போது மிச்சம் விழுந்த நட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டார்கள். கோயில் பூசாரி அம்மன் செயல் என்றார், சர்ச் ஃபாதர் அந்தோணியார் என்றார், பள்ளிவாசல் ஹஜ்ரத் அல்லாவுக்கே வெளிச்சம் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். ஜில்லா ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து ரோட்டை நாடா வைத்து அளந்தார்கள், அளந்து முடித்து இளநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். ஊர் அதற்குள் அதையெல்லாம் கடந்து போய்விட்டது. வாசலில் வண்டி வந்து நின்றால் என்ன செய்வது என்பதுதானே உடனடிப் பிரச்சினை!

முதலில் வெளக்குமாற்றை எடுத்தவர்கள் உண்டு. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியவர்கள் உண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால், வாசலில் நிற்கிற குடிகாரன் என்றால் என்ன அர்த்தம்? இன்றைக்கு இந்த வீட்டில் இழவு இல்லை என்று அர்த்தம். அந்த நினைப்பு வந்ததும் கை தானாக வெளக்குமாற்றைக் கீழே போட்டது. வண்டிச் சாவியை வாங்கி வாசல் ஆணியில் மாட்டினார்கள், மோர் கொடுத்தார்கள், வேப்பமர நிழலில் பாயைப் போட்டுப் படுக்க வைத்தார்கள், அவன் வீட்டுக்கு ஆள் விட்டார்கள். அதற்குள் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே போயிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, "எங்க இருக்க? சரி, சும்மாதான் கேட்டேன்" என்று குரலைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலைப் பார்த்தார்கள்.

மறு வாரம் வந்து கூப்பிடுகிற வழக்கம் பேச்சித்தாய் வாசலில் ஆரம்பித்தது. விஷயம் தெரிந்த பிறகு சந்தியாகுவுக்கு எட்டு நாள் தூக்கமில்லை. ஒன்பதாம் நாள், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு சீப்பு பழத்தோடு தண்ணித்தொட்டித் தெருவுக்குப் போனார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்றால் செய்யாத தப்புக்கு எப்படிக் கேட்பது? வாசலில் நின்று, "பேச்சித்தாய் இருக்காளா?" என்று கத்தினார்.

உள்ளேயிருந்து, "இருக்கேன் அண்ணாச்சி, இருக்கேன்!" என்று சத்தம் வந்தது. அவள் வெளியே வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, தெருவே திரண்டு வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள், அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். குடத்தைத் தள்ளி வைத்த பொம்பளைகள் அங்கேதான் நின்றார்கள். அன்று சாயங்காலமே குழாயடியில் பேச்சித்தாயின் குடம் முதல் குடமாகப் பிடிக்கப்பட்டது, ஒருத்தியும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வாசலில் வண்டி நின்றவன் மறு வாரம் தெளிந்த தலையோடு நடந்து வந்து, தப்பியவர் பேரைச் சொல்லி, "இருக்காங்களா?" என்று கேட்க வேண்டும். அவர் வெளியே வந்து, "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். கேட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கபடி ஆடுகிற முரட்டுப் பயல்கள் எல்லாம் ஒரு கிழவர் வாசலில் நின்று பேரைச் சொல்ல முடியாமல் திக்கினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, மெஷினுக்குப் பயப்படாத ஊர் வாசலுக்குப் பயந்தது. அபராதம் கட்டிவிடலாம், தன் வண்டி யார் வாசலில் போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அத்தை வாசலில் நின்றால்? பெண் பார்த்து வைத்திருக்கிற வீட்டு வாசலில் நின்றால்? ஆடியில் ஆரம்பித்தது, கார்த்திகைக்குள் கடைக்கு வருகிறவர்கள் நடந்து வந்தார்கள், அல்லது ஷேர் ஆட்டோவில் பத்துப் பேராக வந்து பத்துப் பேராகத் திரும்பினார்கள். 'வானிலை' குழுவில் வேலையில்லாமல் போய், உண்மையிலேயே மழை பெய்தால் போட ஆரம்பித்தார்கள். நாற்பது வழக்கு இருபதாகி, ஒன்பதாகி, மூன்றாயிற்று. சாவு ஒன்றுகூட இல்லை. மேலிடத்திலிருந்து எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டு வந்த கடிதத்துக்கு, 'தீவிர விழிப்புணர்வுப் பிரசாரம்' என்று இன்ஸ்பெக்டர் பதில் எழுதினார். பாவம், வேறு என்னதான் எழுதுவார்!

ராஜகனி ஐந்து மாதமாக ஒரு வாசலுக்கும் போகவில்லை. இரவில் படுத்தால் தூக்கம் வந்தது.

ஆனால் அவளுக்கு ஒரு முள் உண்டு. அது அவள் புருஷன் தவசிமுத்து.

தவசிமுத்து உப்பளத்தில் மேஸ்திரி. நல்ல மனுஷன், வேலைக்காரன், மகள் அபிஷா என்றால் உயிர். சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடியும், கடைக்குப் போவார், மூன்றரைக்கு உப்போடைப் பாதையில் பைக்கை விட்டால் நாலு மணிக்கு வீடு. பாலத்தடியில் பெண்டாட்டி மெஷினோடு நிற்கும்போது ஓடைப் பாதையில் ஏன் ஒரு நாளும் தடுப்பு விழுவதில்லை என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. தடுப்பு எங்கே போடுவது என்று தீர்மானிப்பது ராஜகனி. ஏட்டம்மா புருஷனை ஏட்டம்மாவே ஊதச் சொன்னாள் என்று ஊர் சிரிக்கக்கூடாதே என்று, ஏழு வருஷமாக, அந்த ஒரு பாதையை அவள் திறந்தே வைத்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத் தானேகூட உரக்கச் சொன்னதில்லை.

வண்டிகள் நிற்க ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் எந்த வாசலிலிருந்து ஆள் வருமோ என்று இருப்பாள். ஆள் வரவில்லை. தவசிமுத்துவின் பைக் எவர் வாசலிலும் நிற்கவில்லை. நாலு மணிக்கு நேராக வீட்டுக்கு வந்தது, வாராவாரம் வந்தது. "பாத்தியா? கை அப்படி ஸ்டெடி" என்பார் அவர். "ஊருல பாதிப் பயலுவ வண்டி எவன் வீட்டுலயோ போய் நிக்கி. நம்ம வண்டிக்கு நம்ம வீடு மட்டுந்தான் தெரியும்." ஊரும் அதைச் சொல்லி மெச்சியது. ராஜகனி கடவுளுக்கு நன்றி சொன்னாள். மார்கழியில் வேளாங்கண்ணிக்கு வருவதாக நேர்ந்துகொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டாள். சந்தையில் வாங்கிய கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது பைக் வந்தது. தவசிமுத்து இறங்கி, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, "ஒன்பதாவது வாரம்" என்றார் பெருமையாக. "குறிச்சு வச்சுக்கோ. ஒன்பது வாரமா நான் ஹேண்டில்பாரையே திருப்பல. அதுவா வருது."

"அதுவா வருதா?"

"கைய விட்டாலும் வருது. ஓடைப் பாதைக்குள்ளயே போவாம, ஊரைச் சுத்தி, கோயிலைச் சுத்தி, நேரா இங்க வந்து நிக்கி. வீட்டு ஞாபகம் அதுக்கு!"

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். இருபத்தோரு வருஷம் வண்டிகளைப் பார்த்த கண். உப்போடைப் பாதையில் வந்த சக்கரத்தில் வெள்ளைச் சேறு ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் உதிராது. இந்தச் சக்கரத்தில் சேறு இல்லை. ஒன்பது வாரமாகவே அந்த வண்டியைக் கழுவ வேண்டியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஐயோ, வண்டி வீட்டுக்கு வரவில்லை. வண்டி ஒரு வாசலில் போய் நின்றிருக்கிறது.

இந்த வாசலுக்கு உரியவர்கள் மூன்று பேர். ஒருத்தி இங்கே முற்றத்தில் கத்தரிக்காயோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அபி எங்க?" என்றார் தவசிமுத்து.

ராஜகனி வாசலைப் பார்த்தாள்; அபி இன்னும் வரவில்லை. வண்டி நின்றுவிட்டால் ஆள் தப்பியாயிற்று என்று ஊருக்கே பாடம் சொன்னவள் அவள். அந்தப் பாடம் இப்போது அவளுக்கு உதவவில்லை. அடுத்த கால்மணி நேரம், பதினோரு வாசலும் அவள் கண் முன்னால் வந்து நின்றன, பன்னிரண்டாவதாகத் தன் வாசல் நின்றது.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. எட்டாம் வகுப்பு அபிஷா, கோ-கோ பயிற்சி முடிந்த வியர்வையோடு, சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். சைக்கிள் சக்கரம் இரண்டிலும் வெள்ளைச் சேறு.

"ஓடைப் பாதையிலயா வந்த?" ராஜகனியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஆமா. பூநாரை வந்திருக்கும்மா! ரெண்டு மாசமா இருக்கு. பயிற்சி முடிஞ்சதும் வாரா வாரம் ஓடைப் பாலத்துல நின்னு பாத்துட்டுத்தான் வாரேன். இன்னைக்கு நூத்துக்கு மேல. அப்படியே ரோஸ் கலர்."

"பாலத்துல எங்க நிப்ப?"

"நடுவுல. ஓரத்துல நின்னா உடைமரம் மறைக்கும்லா?"

ஓடைப் பாலத்துக்கு முன்னால் பாதை ஒடிந்து திரும்பும். அந்தத் திருப்பத்தில் முள்ளும் கிளையுமாக உடைமரம் அடர்ந்து நிற்கும். திரும்பினால்தான் பாலம் தெரியும், தெரிகிறபோது பாலத்தின் மேலேயே இருப்போம். இதை அபிஷாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அவள் தன் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டாள். தவசிமுத்து தூணை விட்டுவிட்டார். பைக்கைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வாய் ஏதோ எண்ணியது. ஒன்பது வரை எண்ணியிருக்கும்.

ராஜகனி எழுந்தாள். பைக்கின் சாவியை எடுத்து வாசல் ஆணியில் மாட்டினாள். ஒரு செம்பு மோர் கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தாள், வாசலில் வண்டி நின்றவனுக்கு எந்த வீட்டிலும் கொடுப்பதைப் போல. அவர் குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு, "நடங்க" என்றாள்.

"எங்க?"

"ஸ்டேசனுக்கு."

வெயில் சாயாத கடைத்தெரு வழியாக, காக்கியில் முன்னால் அவளும், உப்புக் காய்ந்த சட்டையில் பின்னால் அவருமாக நடந்தார்கள். ஊர் கடை வாசல்களுக்கு வந்து பார்த்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. ஸ்டேசனில் மெஷினை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டி, ராஜகனி ஏழு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள்: "ஊதுங்க."

ஊதினார்.

"ஏட்டம்மா, ஊருக்குள்ள எத்தனை பேரு வாசல்ல நின்னான், எல்லார் மேலயுமா எழுதினோம்?" என்றார் இன்ஸ்பெக்டர் சங்கடமாக. "விடுங்க."

"எழுதுங்கய்யா. அப்படியே இன்னொண்ணும் எழுதிக்கோங்க. ஓடைப் பாதையில ஏழு வருசமா தடுப்புப் போடாதது நான்தான். இவருக்காகத்தான்." மெஷினை மேசையில் வைத்தாள். "வேற யார் புள்ளையாவது அந்தப் பாலத்துல நின்னுருந்தா, அவங்க வாசலுக்கு நான்தானய்யா போயிருக்கணும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். தவசிமுத்துவுக்கு அபராதம் விழுந்தது, லைசென்ஸ் ஆறு மாதத்துக்குப் போயிற்று, ராஜகனிக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஓடைப் பாதையில் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து தடுப்பு நின்றது, உடைமரத்தையும் வெட்டினார்கள். ஊர் சிரிக்கும் என்று பயந்தாளே, ஒருத்தரும் சிரிக்கவில்லை. பேச்சித்தாய் மட்டும் வந்து, ராஜகனி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஏழுமடையில் எந்த வண்டியும் எவர் வாசலிலும் போய் நிற்கவில்லை; நிற்க வேண்டிய வேலை அதற்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மூன்றரை மணிக்குத் தவசிமுத்து உப்பளத்திலிருந்து கிளம்பினார். கடைக்குப் போகவில்லை. அளத்திலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு சீப்பு பழத்தோடு, ஓடைப் பாதையில் நடந்து, பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்று, அங்கே நின்றால் என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. அவர் உள்ளே நுழையவில்லை. சொந்த வீட்டு வாசலில், யாரோ எவரோ மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார். தெரு மெள்ள மெள்ளக் கூடியது. ராஜகனி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அபிஷா இருக்காளா?" என்றார். பாதி காற்றாகத்தான் வந்தது.

அவள் ஓடி வந்து வாசலில் நின்றாள். "இருக்கேன்ப்பா."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் போகவில்லை, பழத்தையும் நீட்டவில்லை. மறுபடியும், "அபிஷா இருக்காளா?" என்றார்.

"இருக்கேன்."

மூன்றாம் தடவை கேட்டபோது பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. நாலாம் தடவை, ஐந்தாம் தடவை, தெருவில் நின்ற யாரோ விவரம் புரியாமல் சிரிக்க, பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். ஆறாம் தடவை அபிஷா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஏழாம் தடவை, எட்டாம் தடவை, அப்பாவின் குரல் தேய்ந்து கொண்டே போக, அவள் குரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. உள்ளே ராஜகனி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, விரல் விட்டு எண்ணினாள்.

ஒன்பதாம் தடவை அவருக்குக் குரலே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவள் படியிறங்கிப் போய், அவர் கையிலிருந்த பழச் சீப்பை வாங்கிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இருக்கேன்ப்பா. உள்ள வாங்க."